தீபாவளி பண்டும் ஐஸ்பெட்டி அக்காவும்

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் மருந்துக் கடை வைத்திருப்பவர்கள் இரண்டே பேருக்குத்தான் பயப்படுவார்கள். ஒருவர் மருந்து இன்ஸ்பெக்டர். அவர் எப்போதாவதுதான் வருவார். இன்னொருவர் ஐஸ்பெட்டி அக்கா. அவர் சனிக்கிழமை தவறாமல் வருவார், வந்தால் லேசில் போகவும் மாட்டார். அக்கா தெருமுனையில் திரும்பும்போதே கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருந்தால் சட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவார். வேலைக்கு இருக்கும் பையனும் பெண்ணும் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு கடையில் அல்ல, நான்கு கடைகளில்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் சந்தித்த இடம் அப்படி. அம்பத்தூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்த குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தின் வெளி ஹால் அது. அங்கே யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. ஊரைக் கேட்பதில்லை. கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்பதே இல்லை. டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து போவோம். என் வீட்டுக்காரருக்குப் படிக்கட்டில் தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டுவிட்டால், கீழே டைல்ஸ் பார்க்க வந்தேன் என்பார். வாடகை வீட்டில் இருந்துகொண்டு எட்டு மாதமாக பாத்ரூமுக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்த ஒரே மனிதர் இந்தப் பகுதியிலேயே அவராகத்தான் இருப்பார்.

அப்போது எங்களுக்கு அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் ஒரு ஃபிளாட் வாடகைக்கு. கல்யாணமாகி ஆறு வருடம். மாத்திரை, சின்ன ஊசி எல்லாம் பார்த்து முடித்து, கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைக்கும் பெரிய சிகிச்சைதான் வழி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஒரு தடவைதான், அதற்கு மேல் முடியாது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். சிகிச்சைக் கட்டணத்துக்கே என் வளையல்கள் அடகுக்குப் போய்விட்டன. அதன் பிறகுதான், கருமுட்டை வளர்வதற்கான ஊசி மருந்துக்குத் தனியாக இன்னொரு பெரிய தொகை வேண்டும் என்பது தெரிந்தது. அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஆபீசில் தண்ணீர் பாட்டிலை நிரப்ப ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை எழுந்து போவேன். குடிக்கவும் மாட்டேன், கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவேன்.

அந்த ஹாலிலும் நடந்துகொண்டேதான் இருந்தேன். ஜன்னலிலிருந்து கதவு வரை, கதவிலிருந்து ஜன்னல் வரை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவரும் அதேபோல நடந்துகொண்டிருந்தார். நீலநிறப் பெட்டி ஒன்று தோளில் தொங்கியது. நாலாவது தடவை குறுக்கே வந்தபோது வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மே, மருந்து வாங்கிட்டியா? பில்லு காட்டு."

"எதுக்குங்க?"

"காட்டேன். நான் இன்னா அத்த துன்னவா போறேன்?"

பில்லை ஜோசியர் கை பார்ப்பதைப் போல ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். என் தலையில் அல்ல, அவர் தலையில். அடி என்னவோ எனக்குத்தான் வலித்தது.

"பத்து நாளுக்கும் ஒட்டுக்கா வாங்கிகினு வந்துட்டியே! அஞ்சாம் நாள் ஸ்கேன் பாத்துட்டு டாக்டரம்மா அளவ மாத்துவாங்க. மீந்து போனத இன்னா பண்ணுவ, ஊறுகா போடுவியா? ஐஸ்ல வெச்ச மருந்த கடக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். மருந்து எங்க கீது?"

"கடை ஃபிரிட்ஜ்லதான். போறப்ப எடுத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"பொழச்ச. வா."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். எதிரே வந்த என் வீட்டுக்காரர் அனிச்சையாக, "டைல்ஸ் பார்க்க வந்தேன்" என்றார். அக்கா நிற்கவில்லை. மருந்துக் கடைப் பையன் அவரைக் கண்டதும், "அக்கா, இன்னைக்கு சனிக்கிழமையா?" என்று நொந்துபோய்க் கேட்டான். கால் மணி நேரத்தில் ஐந்து நாள் மருந்து பில்லிலிருந்து கழிந்தது. அந்தக் கால் மணியில் அக்கா பேசியது முழுவதையும் இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அக்காவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஐஸ்கிரீம் டிப்போவில் வேலை. குளிர் அறையில் பெட்டி அடுக்குவார். வீடு பாரிவாக்கம். தோளில் இருந்தது டிப்போவில் கழித்துப் போட்ட ஐஸ்பெட்டி. மருந்தைக் குளிர் குறையாமல் வீட்டுக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல பெட்டி எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை என்பது அவர் கட்சி. "ரெண்டு டிகிரிலேர்ந்து எட்டு டிகிரி. கீழ போனாலும் மருந்து போச்சு, மேல போனாலும் போச்சு" என்பதைச் சாமி ஸ்லோகம் மாதிரி சொல்வார். அவரும் எங்களைப்போல் மருந்துக்காக வருகிறவர்தான். எத்தனை வருடம் என்று நான் கேட்கவில்லை.

அக்காவின் பாடத்தில் முதல் விதி, கம்பெனி பெயரைக் கேட்காமல் மருந்தின் பெயரைக் கேட்பது. ஒரே மருந்தை இரண்டு மூன்று கம்பெனிகள் செய்யும், விலை மலைக்கும் மடுவுக்கும் இருக்கும். "ஆனா நீயா மாத்தாத. டாக்டரம்மா கைல கேட்டு, அவங்க சரின்னு எழுதிக் குடுத்தாத்தான். நான் சொன்னாலும் மாத்தாத" என்று ஒவ்வொரு தடவையும் விரலை ஆட்டிச் சொல்வார். இரண்டாவது விதி, நான்கு கடையில் விலை விசாரிக்காமல் வாங்கக் கூடாது. இதை அவர் பஸ்ஸில் போகும்போது போனில் செய்வார். போனில் பேசுவதற்கு அக்காவுக்குப் போனே தேவையில்லை, அவ்வளவு குரல்.

"அலோ! கருமுட்ட வளர்ற ஊசி கீதா? இன்னா வெல? இன்னாது? யோவ், நான் ஊசி கேட்டா நீ பஸ்ஸு வெல சொல்ற?"

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு ஸ்டாப் முன்னதாகவே இறங்கிவிட்டேன். அக்காவும் பின்னாடியே இறங்கினார்.

"எதுக்கு எறங்குன?"

"எல்லாரும் பாக்கறாங்க அக்கா."

"பாக்கட்டுமே. நாம இன்னா திருடிகினா போறோம்?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருடமாக, நான் எதையோ திருடியவள் மாதிரிதான் நடந்துகொண்டிருந்தேன்.

அக்காவின் மகத்தான கண்டுபிடிப்பு பண்டுதான். பத்து ஊசி உள்ள முழுப் பெட்டியாக வாங்கினால் மொத்த வியாபாரி விலையை இறக்குவார். ஆனால் ஒருத்திக்கு ஒரே மூச்சில் பத்து வாங்குவது அக்காவின் சட்டப்படி குற்றம். எனவே நான்கு பேருடைய மருந்துச் சீட்டைக் கொடுத்து ஒரு பெட்டி வாங்க வேண்டும், ஸ்கேனுக்கு ஸ்கேன் அவரவருக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆவடி, திருநின்றவூர், பாரிவாக்கம், அயனம்பாக்கம் என்று நான்கு பேர் சேர்ந்தோம். பெயர் கேட்காத வழக்கத்தால் ஊர்தான் பெயர். வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்து மாதாமாதம் பணம் கட்டித் தீபாவளிக்குச் சாமான் பெட்டி வாங்கும் சீட்டு மாதிரி, அதற்கு 'தீபாவளி பண்டு' என்று அக்கா பெயர் வைத்தார். "எங்க ஊட்ல என் ஓர்ப்படி என் போன நோண்டுவா. பண்டுன்னா ஒருத்தியும் தொறந்து பாக்க மாட்டா" என்பது விளக்கம்.

இதில் ஒரே ஒரு சிக்கல். பெட்டியைப் பங்கு போட வேண்டுமானால் நாலு பேருக்கும் மாதவிலக்கு ஏறக்குறைய ஒரே வாரத்தில் வர வேண்டும். உலகத்தில் எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் நடக்காத பேச்சு எங்கள் குரூப்பில் நடந்தது. 'ஆவடி, உனுக்கு எப்போ? மூணாந்தேதியா? கொஞ்சம் தள்ளி வெச்சிக்கயேன்' என்று, ஏதோ ஆவடி ரயிலைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி அக்கா செய்தி அனுப்புவார். ஒரு சனிக்கிழமை நேரே டாக்டரம்மாவிடமே போய், நாலு பேருக்கும் ஒரே தேதி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுவிட்டார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ரேஷன் கடை இல்லம்மா."

"அதான் டாக்டர் நானும் சொல்றேன். ரேஷன் கடைலயே ஒரே தேதில குடுக்கறாங்களே!"

கடைசியில் எனக்கும் ஆவடிக்கும் தேதி தானாகவே ஒன்றாக விழுந்தது. அக்காவுக்கு ஒன்பது நாள் பின்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. திருநின்றவூர் அடுத்த மாதம் பார்த்துக்கொள்வதாக விலகிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து மருந்துக்குத் தட்டுப்பாடு. மொத்த வியாபாரியிடம் இருந்த கடைசிப் பெட்டிகளை அக்கா எப்படியோ சண்டை போட்டு வாங்கினார். அடுத்த சரக்கு வர ஒரு மாதமாகும் என்றார்கள்.

சரியாக அந்த வாரம்தான் என் மாமியார் கோவில்பட்டியிலிருந்து கண் பரிசோதனைக்காக வந்து இறங்கினார். நல்ல மனுஷி. ஆனால் அவருக்குச் சிகிச்சை விஷயம் தெரியாது. தெரிந்தால் கோவில்பட்டிக்குத் தெரியும். கோவில்பட்டிக்குத் தெரிந்தால் தினம் பத்து பேர் போன் செய்து, ஆச்சா ஆச்சா என்று கேட்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளும் தெம்பு எனக்கு இல்லை.

இரண்டாம் நாளே என் போனில் செய்தி வந்து விழுந்தது. 'தீபாவளி பண்டு: முழுப் பெட்டி வந்தாச்சு.' மாமியார் கண்ணில் கோளாறு என்றுதான் வந்திருந்தார். இதைக் கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டார்.

"ஏம்மா, பண்டு கட்டுறியா? பெட்டில என்னென்ன குடுக்காக? எண்ணெய் உண்டுமா? பட்டாசு உண்டுமா?"

"உண்டு அத்தை."

"அப்ப என்னையும் சேத்துவிடு."

சொல்லிவிட்டு இடுப்புப் பையிலிருந்து முதல் மாதப் பணத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் பால்கனிக்கு ஓடிப்போய் அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"சேத்துக்க" என்றார்.

"அக்கா!"

"வாணாம்னா சந்தேகம் வரும். தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு."

மருந்தை மாமியார் கண்ணில் படாமல் ஒளிப்பதற்கும் அக்காதான் வழி சொன்னார். டிப்போவிலிருந்து காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கொடுத்தார். "இதுல வெச்சு ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல தள்ளு. ஐஸ்கிரீம் டப்பால கறிவேப்பிலதான் இருக்கும்னு எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். ஒருத்தி தொறக்க மாட்டா." உண்மைதான். மாமியார் திறக்கவே இல்லை. ஆனால் டப்பா புத்தம் புதுசு என்பதை நானும் யோசிக்கவில்லை, அக்காவும் யோசிக்கவில்லை.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஊசி. ஏழு நாள் ஒழுங்காகப் போனது. எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இன்னும் இரண்டு ஊசிதான் பாக்கி, அன்றைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று. ஐந்தரை மணிக்குச் சும்மா ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டில் டப்பா இல்லை.

"அத்தை, இங்க ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருந்துச்சே?"

"அத மேல ஐஸ்பெட்டிக்குள்ள வச்சுட்டேன் தாயி. கீழ கெடந்தா உருகிராது? வெலகூடின சாமான். காலைலயே வச்சுட்டேன்."

எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிக் குப்பிக்குள் மருந்து கல்லாகிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் பெட்ரூமில் கிசுகிசுப்பாக, "வெயில்ல வெச்சு உருக்கிடலாமா?" என்றார். நான் பார்த்த பார்வையில் சாவியை எடுத்துக்கொண்டு கடை கடையாகத் தேடக் கிளம்பிவிட்டார். மையத்தின் நர்ஸுக்குப் போன் போட்டேன். உறைந்த மருந்தைப் போடவே கூடாது, ஒரு நாள் ஊசியைத் தவறவிடவும் கூடாது, அதே மருந்து எங்கேயாவது கிடைக்கிறதா பாருங்கள் என்றார். எங்கும் இல்லை. அரை மணி நேரத்தில் வீட்டுக்காரரிடமிருந்து ஏழு போன், ஏழும் இல்லை என்றுதான். ஒரே தடவைதான் என்று பேசி வைத்த அந்த ஒரு தடவை, ஃப்ரீசருக்குள் உறைந்து போய்விட்டது.

அக்காவுக்குப் போன் செய்து அழுதேன்.

"அழாத. ஏழு மணிக்குத்தானே? ரெண்டா வேணும்? சரி. வாசல்ல வந்து நின்னுகினு இருக்காத, மாமியாக்கு டவுட்டு வரும். அவங்களுக்கு டீ போட்டுக் குடு."

டீ போட்டுக் கொடுத்தேன். பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். வந்து மறுபடி டீ போட்டேன். என் மாமியார் வரிசையாக மூன்று டீ குடித்தார். மூன்றாவது டம்ளரை வாங்கும்போது, "என்ன தாயி, இன்னைக்கு இவ்வளவு பிரியமா இருக்க?" என்றார். மணி ஆறே முக்கால். வழியில் பைப்புக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், ஷேர் ஆட்டோ ஒன்றும் உள்ளே வராது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலிங் பெல் அடித்தது. நான் ஓடுவதற்குள் மாமியார் கதவைத் திறந்துவிட்டார்.

முழங்கால் வரை சேறு, தோளில் நீலப் பெட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா.

"யாரும்மா?"

"தீபாவளி பண்டு."

"பெட்டியே வந்துட்டா? தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கே!"

"இது சாம்பிளும்மா."

"தொறங்க, பாப்போம்."

"ஐஸ்ல கீது. தொறந்தா கெட்டுடும்."

"பலகாரத்த யாராச்சும் ஐஸ்ல வப்பாகளா?"

"பாதாம் கீரு" என்றார் அக்கா, கண்ணிமைக்காமல். பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, மாமியாரைச் சோபாவில் உட்காரவைத்து எதிரே தானும் உட்கார்ந்தார். அக்கா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்தால் யோசனை வந்துவிடும் என்பார்.

பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குப்பியைத் திறந்தேன். வெளியே பேச்சு கேட்டது. "எண்ணெய் எத்தன லிட்டரு?" "ஒண்ணு." சிரிஞ்சில் ஏற்றினேன், ஒரு குமிழி, தட்டினேன். "ஒண்ணுதானா?" "ரெண்டு." மறுபடி தட்டினேன். "வேற?" "வெல்லம். பட்டாசு பாக்ஸு." வயிற்றுச் சதையைப் பிடித்தேன், தைரியம் வரவில்லை. "பாத்திரம் ஒண்ணும் கெடையாதா?" "எவர்சில்வர் தூக்கு!" நான் தயங்கிய ஒவ்வொரு விநாடிக்கும் அக்காவுக்கு ஒரு சாமான் கூடிக்கொண்டே போனது. சரியாக ஏழு மணிக்கு ஊசியைக் குத்தினேன். அதற்குள் பண்டில் ஒரு குத்துவிளக்கும் சேர்ந்துவிட்டது.

படிக்கட்டு வரை கூடவே போனேன். "யாரோட மருந்து அக்கா இது?"

"என்னுதுதான். எனுக்கு தேதி தள்ளிப் போயிடுச்சி."

அக்கா எத்தனையோ கடைக்காரர்களை வாயடைக்க வைத்தவர்தான். ஆனால் அவருக்குப் பொய் சொல்ல வராது. அதுவும் பண்டில் எல்லார் தேதியும் எல்லாருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை அவருக்கு முதல் ஊசி. இரண்டு குறைந்தால் ஆரம்பிக்க முடியாது, கடையிலும் இல்லை.

"பொய் சொல்லாதீங்க அக்கா."

"இன்னா இப்போ? அடுத்த மாசம் பாத்துக்கறேன். உனுக்குத்தானே ஒரே தபான்னு சொன்ன?" என்று பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேற்றுக் காலோடு இறங்கிப் போனார்.

எனக்குப் பலித்தது. எங்கள் குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. பலித்தவர்கள் யாரிடமும் சொல்லாமல் குரூப்பிலிருந்து விலகிவிட வேண்டும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். காத்திருப்பவர்கள் மனம் நோகக் கூடாது என்று அக்காவே வைத்த விதி. அந்தப் பொத்தானை அழுத்த எனக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்பட்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஷேர் ஆட்டோவில் ஒரு பெட்டி வந்தது. எண்ணெய் இரண்டு லிட்டர், வெல்லம், பட்டாசு, தூக்கு, குத்துவிளக்கு. ஒவ்வொரு சாமானுக்கும் பில் வைத்து, எந்தக் கடையில் எவ்வளவு குறைத்து வாங்கியது என்று பேனாவால் எழுதியிருந்தது. மாமியார் கட்டியது ஒரே ஒரு மாதப் பணம். மீதியை அனுப்பலாம் என்று போன் செய்தால் அக்கா எடுக்கவே இல்லை. பிறகும் எடுக்கவில்லை. அதுவும் அவர் விதிதான் என்று புரிந்தது.

மகளுக்கு ஏழு மாதமானபோது என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர் போனேன். குழந்தையோடு அந்த ஹாலுக்குள் யாரும் ஏற மாட்டார்கள். டைல்ஸ் கடை வாசலில் நின்றேன். அக்கா ஒரு புதுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு வந்தார், சண்டை போட்டார், வெளியே வந்தார், என்னைப் பார்த்தார். பெட்டி மட்டும் தோளில் இல்லை.

"அக்கா, நீங்க...?"

"ரெண்டு தபா பாத்தாச்சு. போன ஆடியோட நிறுத்தியாச்சு."

"அப்ப ஏன் இன்னும் இங்க வர்றீங்க?"

"இதுங்க ஏமாந்துகினே கீதுங்களே, இன்னா பண்றது?"

நான் நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன். அன்றைக்கு அந்த இரண்டு ஊசியை நீங்கள் வைத்துக்கொண்டிருந்தால், என்று ஆரம்பித்தேன். அக்கா முடிக்க விடவில்லை. "ச்சீ, சும்மா இரு. டாக்டரம்மா கைல நானே கேட்டுட்டேன். ஒரு மாசம் தள்ளுனதால ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றார். குழந்தையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார், பெட்டி தொங்கிய அதே தோளில். அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து என்னை முறைத்தார்.

"பவுடரு வாசன தூக்குது. இன்னா வெல குடுத்த? எங்க, பில்லு காட்டு."

கைப்பையைத் திறந்து எடுத்து நீட்டினேன். மூன்று மாதத்துக்கு முந்தைய பில். அக்காவிடம் திட்டு வாங்க வேண்டும் என்றே பத்திரமாக வைத்திருந்தேன்.